கப்பன் பூங்காவுக்குப் பெயர் தந்தவர்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் கப்பன் பூங்காவை அறியாதவர் யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை குட்டிகளுடன் போய், மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கப்பன் யார், இங்கே எதற்காக வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மார்க் கப்பன் 1775-ம் ஆண்டு பிரிட்டனை அடுத்த மான் தீவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 1800-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டிருந்தார்.

ஒப்பந்த வலை

மைசூரைக் கம்பெனி முழுவதுமாக விழுங்கவில்லை. உடையார் வம்சத்துச் சிறுவர் ஒருவரை அரியணையில் அமர்த்தி ஒப்பந்தம் போட்டது. பாதுகாப்புப் படைக்காக மைசூர் ஆண்டுதோறும் 24½ லட்சம் ரூபாய் கட்டவேண்டும். அந்தப் பணத்துக்கு ஆபத்து வந்தால் நிர்வாகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம். செலவு மைசூருடையது, படையோ கம்பெனியுடையது!

1830-ல் நகர் சீமையில் வரிக்கொடுமை தாளாமல் குடியானவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். இதைக் காரணமாகக் காட்டி, 1831-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு மகாராஜாவிடம் இருந்து ஆட்சியை எடுத்துக்கொண்டார். அதன்பிறகே விசாரணைக் குழு வந்தது. அதில் கப்பனும் ஓர் உறுப்பினர்.

பின்னர் பெண்டிங்கே தாம் அவசரப்பட்டுவிட்டதாக எண்ணினார். நாட்டின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் யோசனை சொன்னார். லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்கள் அதற்கு இணங்கவில்லை.

26 ஆண்டு ஆட்சி

1834-ல் கப்பன் மைசூரின் கமிஷனர் ஆனார். அப்போது அவருக்கு வயது 58. பெங்களூர் கோட்டைக்குள் திப்புவின் அரண்மனையிலேயே அலுவலகம் நடந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர், வேலையே கதி என்று கிடந்தார். சில்லறை வரிகள் 769-ஐ நீக்கினார். சுமார் 1,600 மைல் நீளத்துக்குச் சாலைகளும், 309 பாலங்களும் போடப்பட்டன. பழைய நிர்வாக முறையை அடியோடு கலைக்காமல், உள்ளூர் அதிகாரிகளைக் கொண்டே காரியங்களை நடத்தினார்.

இவை மக்களுக்குப் பயன்பட்டன. மறுப்பதற்கில்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் நீராவி இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு மூலப்பொருள் வேண்டும். செய்த சரக்கை விற்கச் சந்தையும் வேண்டும். சாலை வழியே மலைநாட்டுக் காபி துறைமுகத்துக்குப் போனது. ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் வந்து சேர்ந்தார்கள். 1850-களில் தந்திக் கம்பி வந்தது. 1864-ல் ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூருக்கு ரெயில் வந்தது. கலகம் என்றால் செய்தி நொடியில் போகும், பட்டாளமும் விரைவில் வந்து இறங்கும்.

நம் முன்னோரும் அப்படித்தான் வந்தார்கள். 1809-ல் கண்டோன்மெண்ட் அமைந்தபோது, சென்னைப் படையைப் பின்தொடர்ந்து சிப்பாய்களாகவும், வியாபாரிகளாகவும், கூலிகளாகவும் தமிழர்கள் வந்தார்கள்.

கடைசிப் பிடிவாதம்

1856-ல் டல்ஹௌசி பிரபு, வயது முதிர்ந்த மகாராஜாவுக்குப் பிறகு மைசூர் கம்பெனிக்கே வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். 1857 கலகம் அந்தக் கணக்கைக் கலைத்தது. 1860-ல் மைசூரைச் சென்னை அரசின்கீழ் கொண்டுவர முயன்றபோது, மகாராஜாவும் எதிர்த்தார். கப்பனும் பதவியை விட்டு விலக முன்வந்தார். அந்த உத்தரவு வாபஸ் ஆனது.

உடல் தளர்ந்து 1861-ல் ஊருக்குக் கப்பல் ஏறிய கப்பன், வழியில் சூயஸில் காலமானார். வயது 85.

1881-ல் மைசூர் உடையார் வம்சத்தின் கைக்குத் திரும்பியது. ஆனால் கண்டோன்மெண்டை மட்டும் வெள்ளையர் 1947 வரை விடவில்லை.

1870-ல் உருவான பூங்காவுக்கு முதலில் மீட் என்ற அதிகாரியின் பெயர்தான் இருந்தது. 1927-ல் சாமராஜேந்திரர் பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் மக்கள் வாயில் கப்பன் பெயரே நிலைத்துவிட்டது. ஐகோர்ட்டு முன்பு இருந்த அவரது குதிரைச் சிலையும் 2020-ல் பூங்காவுக்குள் வந்துவிட்டது.

கப்பன் கைசுத்தமானவர், உழைப்பாளி. ஆனால் அவர் காத்தது, பிறர் நாட்டைப் பறித்த ஓர் ஆட்சியை. கொடியவர்களால் மட்டும் சாம்ராஜ்யங்கள் நிலைப்பதில்லை. நல்ல அதிகாரிகளாலும்தான் நிலைக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிலையைக் கடக்கும்போது, பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.