எண்களைக் கேள்வி கேட்ட மகலனோபிஸ்



கணிதமேதை இராமானுஜன் சின்ன வயசில் நம்ம காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் இருந்தவர். அவர் கேம்பிரிட்ஜில் ராத்திரி குளிரில் நடுங்கினாராம். கட்டிலில் மெத்தையோடு செருகி வைத்திருந்த கம்பளிக்குள்ளே நுழைந்து படுக்கணும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்த நண்பர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இவர் 29.6.1893 அன்று கல்கத்தாவில் பிறந்தார். படித்தது இயற்பியல். ஆனால் மனசு போனது புள்ளியியலுக்கு. 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அது முதலில் கல்லூரியில் அவருடைய அறையிலேயே நடந்தது!

வங்காள மக்களின் உடல் அளவுகளை ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி 1891-ல் அச்சிட்டிருந்தார். அதில் சில எண்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. மகலனோபிஸ் அவற்றை அப்படியே நம்பவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. தவறு எப்படி வந்திருக்கும் என்று தேடி, 1933-ல் திருத்தி வெளியிட்டார்.

பொருந்தாத எண்ணை நாமும் கண்டுபிடிக்கலாம். ஒரு வகுப்பில் ஏழு நாள் வருகை 22, 36, 38, 40, 40, 42, 44 என்று வைத்துக்கொள்வோம். முதல் கால்மானம் 36, மூன்றாம் கால்மானம் 42. வித்தியாசம் 6. அதை ஒன்றரையால் பெருக்கினால் 9. 36-இல் 9 போனால் 27. அதற்கும் கீழே இருக்கிற 22 தனித்து நிற்குது இல்லையா? இந்த ஒன்றரை மடங்கு விதி அமெரிக்கர் ஜான் டூக்கியுடையது. அன்றைக்கு மழையா, பஸ் வரலையா, எழுதினவர் கை தவறியதா என்று கணக்கு சொல்லாது. நாமதான் போய்க் கேட்கணும்.

மகலனோபிஸ் அப்படித்தான் ஆள் அனுப்பிக் கேட்டார். 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு அவருடைய ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை இழந்தார்கள் என்று எழுதி வந்தார்கள். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. எல்லா வீட்டுக்கும் போகாமல், சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து செலவு விவரம் கேட்பார்கள். 1960-ல் அவர் இன்னொரு முறை சொன்னார். வீடுகளைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக வைத்து, சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனியாகப் பார்க்கணும். சராசரியை மட்டும் பார்த்தால் முதல் பங்கில் இருக்கிற ஏழைகள் மறைந்து போவார்கள் அல்லவா! எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

1968-ல் பத்ம விபூஷண் பெற்றார். 28.6.1972 அன்று, பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலமானார். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கூரம்