குன்றின் ஊரிலிருந்து கொள்ளிடக் கரைக்கு



நம் காஞ்சிபுரத்துத் தறியில் நெய்த பட்டுப் புடவையை மாதாவுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. புடவை உடுத்திய மாதா இன்று நமக்கு இயல்பான காட்சி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. அந்த வழியை நமக்குக் காட்டிய பெரியவர்களில் ஒருவர் வீரமாமுனிவர்.

இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே, குன்றுகளை ஒட்டிய பழைய ஊர் காஸ்திலியோனே. புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. அவருடைய தலையின் திருப்பண்டம் அங்குள்ள பேராலயத்தில் காக்கப்படுகிறது. அந்த ஊரில் 1680 நவம்பர் 8 அன்று கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்து, பின் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். தொடக்க ஆண்டுகளிலேயே குருக்கள்பட்டியில் சிறைபிடிக்கப்பட்டு, உயிர் தப்பியதே பெரிதாயிற்று. ஆனாலும் ஊர் திரும்பவில்லை.

காவியுடை, புலால் மறுப்பு, தமிழ்ப் புலவர்களிடம் மாணவராய் அமர்தல் என்று அவர் வாழ்வு மாறியது. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் அன்னைக்கு ஆலயம் எழுப்பி, தமிழ்ப் பெண்ணின் உடையில் அன்னையின் உருவத்தை அங்கே நிறுவினார். பெரியநாயகி என்பது அந்த வட்டாரத்து மக்களின் வாய்க்கு ஏற்கெனவே பழகிய பெயர். அதையே அன்னைக்குச் சூட்டினார். இன்றும் சிலருக்கு இது நெருடலாம், எனக்கு இல்லை.

ஏலாக்குறிச்சியின் கதை வேறு. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை அரசு, வடக்கே அரியலூர்ப் பாளையம். தஞ்சைப் பகுதியில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்தால் பிழைத்தார்கள். கையில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக வந்து சேர்ந்தவர்களின் கரை அது. அங்கே அவர் அன்னையை அடைக்கல மாதா என்று அழைத்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அரியலூர் மழவராயரின் ராஜபிளவை அன்னையின் அருளால் குணமானதாகவும், அவர் ஆலயத்துக்கு நிலம் வழங்கியதாகவும் மரபு கூறுகிறது.

1726இல் தேம்பாவணி பிறந்தது. 3,615 பாடல்கள், தலைவர் புனித சூசையப்பர். ஜோசப் என்பது முனிவரின் சொந்தப் பெயரும்கூட. அதே 1726 டிசம்பரில் அவருடைய ஊர்க்காரர் ஞானப்பிரகாசியார் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்தச் செய்தி கப்பலில் இங்கு வர எத்தனை மாதம் ஆனதோ! 1732இல் சதுரகராதி வந்தது.

இன்னொன்று. அக்காலச் சுவடிகளில் புள்ளியிடாததால் குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'பெய்' எது, 'பேய்' எது என்று படிப்பவரே ஊகிக்க வேண்டும். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் முறையை வகுத்தவர் இவரே. ஞாயிறு வாசகத்தை நம் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிப்பதில் அவருக்கும் பங்குண்டு.

1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். காஸ்திலியோனேயை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை.