பழி சுமந்த பெருமகன் ஹாப்கின்

பிளேக் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர்கள் காலியான காலம் ஒன்று இந்தியாவில் இருந்தது. எலி செத்து விழுந்தால் போதும்; ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வயல்வெளிகளில் குடிசை போட்டுக்கொண்டு தங்குவார்கள். வாந்திபேதியோ அதைவிடப் பழைய எதிரி. காலையில் நடமாடிய மனிதன் மாலைக்குள் மறைந்துவிடுவான். இந்த இரண்டு நோய்களையும் தடுக்க இரண்டு மருந்துகளைக் கண்டுபிடித்து, இரண்டையும் முதலில் தன் உடலிலேயே குத்திக்கொண்டு சோதித்தவர் ஒரே மனிதர். அவர்தான் வால்டெமார் ஹாப்கின். லட்சக்கணக்கானோரின் உயிரைக் காக்க உழைத்த அவர் மீதே, 19 பேரைக் கொன்ற பழியும் சுமத்தப்பட்டது.

ஒடெஸாவில் பிறந்தவர்

கருங்கடல் கரையிலுள்ள ஒடெஸா துறைமுக நகரத்தில் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி ஹாப்கின் பிறந்தார். அப்போது அந்நகரம் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. இன்று அது உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. ஹாப்கினின் குடும்பம் யூதக் குடும்பம். ஒடெஸா சர்வகலாசாலையில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப். நுண்ணிய உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் மாணவருக்கு ஆவலை ஊட்டியவர் அவரே.

அந்நாட்களில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் கும்பல்களால் சூறையாடப்படுவது உண்டு. தம்மவரைக் காக்க முன்வந்த இளைஞர் கூட்டத்தில் ஹாப்கினும் சேர்ந்தார். காயம் பட்டார், சிறைக்கும் போனார். படிப்பில் முதன்மையாகத் தேறியும் அவருக்குச் சர்வகலாசாலையில் பதவி கிடைக்கவில்லை. மதம் மாறினால் பதவி உண்டு என்ற நிலை இருந்தது. அவர் மாற மறுத்துவிட்டார். 1888-இல் நாட்டை விட்டே வெளியேறினார்.

ஜினீவாவில் சில காலம் இருந்துவிட்டு, 1889-இல் பாரிஸ் சென்று பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே காலியாக இருந்தது புத்தகசாலை உத்தியோகம் ஒன்றுதான். கல்வியில் டாக்டர் பட்டம் பெற்றவர் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். ஓய்ந்த நேரங்களில் ஆராய்ச்சிக் கூடத்தில் வாந்திபேதிக் கிருமிகளோடு மல்லாடினார்.

முதல் ஊசி தனக்கே

கிருமியைச் சீமைப்பெருச்சாளிகளின் உடலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 39 முறை மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் வீரியத்தை ஒரே அளவில் நிறுத்தினார் ஹாப்கின். மற்றொரு பங்கை வெப்பத்தால் வலுவிழக்கச் செய்தார். முதலில் வலுவிழந்த கிருமியைக் குத்துவது, சில நாள் கழித்து வீரியமுள்ளதைக் குத்துவது என்பதே அவர் கண்ட முறை. பிராணிகள் பிழைத்தன. மனிதன் பிழைப்பானா?

1892 ஜூலை 18-ந் தேதி தம் உடம்பிலேயே ஊசியைக் குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. பிறகு நண்பர்கள் சிலரும் குத்திக்கொண்டார்கள். ஆனால் ஐரோப்பிய வைத்தியர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். மருந்து உண்மையிலேயே பலிக்கிறதா என்பதை அறிய, நோய் குடிகொண்ட நாட்டுக்கே போக வேண்டும். அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் முன்னாள் இந்திய வைசிராய் டப்ரின் பிரபு. அவர் ஹாப்கினை இந்தியாவுக்குப் போகும்படி தூண்டினார். 1893 மார்ச்சில் ஹாப்கின் கல்கத்தா வந்து இறங்கினார்.

குளத்தங்கரைச் சேரியில் சோதனை

வைத்தியப் பட்டம் இல்லாத ஒரு ரஷ்யர், ஊசியும் குப்பியுமாக வந்து நின்றதை வெள்ளைக்கார வைத்திய அதிகாரிகள் பலர் விரும்பவில்லை. ஜனங்களுக்கோ ஊசி என்றாலே பயம். ஹாப்கின் சளைக்கவில்லை. வடஇந்தியா முழுவதும் சுற்றி, பட்டாளங்களிலும் சிறைகளிலும் ஊர்களிலும் விருப்பமுள்ளவர்களுக்கு ஊசி போட்டார். இரண்டாண்டுகளில் சுமார் 42,000 பேருக்குப் போட்டு முடித்தார்.

எண்ணிக்கையால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது என்பது அவருக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொண்டவன் வசதியுள்ளவனாக, நல்ல தண்ணீர் குடிப்பவனாக இருக்கலாம். அதனாலேயே அவன் நோயிலிருந்து தப்பியிருக்கலாம். ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களில் சிலருக்குப் போட்டு, சிலருக்குப் போடாமல் விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும்.

அந்தச் சந்தர்ப்பம் 1894-இல் வாய்த்தது. கல்கத்தா நகரின் சுகாதார அதிகாரி சிம்சன், வாந்திபேதி தோன்றிய காட்டல் பகான் என்ற குளத்தங்கரைச் சேரிக்கு அவரை அழைத்தார். சவுத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்ற இந்திய வைத்தியர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். சேரி ஜனங்களின் அச்சத்தைப் போக்க, எல்லோரும் பார்க்கும்படி முதலில் ஊசி குத்திக்காட்டப்பட்டது. சுமார் 200 பேரில் 116 பேர் முன்வந்தார்கள். பிறகு அங்கே நோய் கண்டவர்கள் அத்தனை பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. இந்தச் செய்தி பரவியதும் மற்றச் சேரிகளிலும் ஊசி கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. சில மாதங்களில் நகரத்தில் பாதிப்பேர் ஊரை விட்டு ஓடினார்கள். சர்க்கார் பலாத்கார முறைகளைக் கையாண்டது. வீடு புகுந்து சோதனை போட்டார்கள், நோயாளிகளை இழுத்துக்கொண்டு போனார்கள், பண்டபாத்திரங்களைக் கொளுத்தினார்கள். பூனாவில் இந்தக் கெடுபிடியால் கொதித்தெழுந்த சாபேகர் சகோதரர்கள், 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். பலாத்காரம் நோயையும் ஒழிக்கவில்லை, ஜனங்களின் நம்பிக்கையையும் வளர்க்கவில்லை.

ஹாப்கின் 1896 அக்டோபரிலேயே பம்பாய்க்கு அழைக்கப்பட்டிருந்தார். கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று சேவகர்கள். இரவு பகல் பாராமல் உழைத்ததில் உதவியாளர் ஒருவர் மனம் தளர்ந்து படுத்துவிட்டார், மற்றவர்கள் விலகினார்கள். ஹாப்கின் விடவில்லை. மூன்று மாதத்தில் மருந்து தயாராயிற்று.

அந்த மருந்தைத் தயாரித்த முறையிலேயே அவருடைய மனிதப் பண்பு விளங்கும். கிருமி வளர்ப்பதற்கு மாமிசச் சாறு வேண்டும். மாட்டிறைச்சி என்றால் இந்துக்களும், பன்றியிறைச்சி என்றால் முஸ்லிம்களும் அருகில் வரமாட்டார்கள். ஆகவே ஆட்டிறைச்சிச் சாற்றை உபயோகித்தார். சாற்றின் மேல் சில துளி நெய் விட்டார். மிதக்கும் நெய்யைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுபோல் கீழே தொங்கி ஏராளமாய் வளர்ந்தன. பிறகு அவற்றைச் சூட்டினால் கொன்று, கார்பாலிக் திராவகம் சேர்த்துக் குப்பிகளில் அடைத்தார்.

1897 ஜனவரி 10-ந் தேதி, சாதாரண அளவைவிட மிகுதியான மருந்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். கடுமையான காய்ச்சலும் வலியும் கண்டன; உயிருக்கு ஆபத்தில்லை. அந்த மாத இறுதியில் பைக்குலா சிறையில் பிளேக் புகுந்தது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி போட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டார். ஊசி போட்டவர்களிடையே நோயும் சாவும் வெகுவாகக் குறைந்திருந்தன. கைதிகளிடம் இம்மாதிரிச் சோதனை செய்வதை இன்றைய வைத்திய தர்மம் எளிதில் அனுமதிக்காது. அக்காலத்தில் அப்படிப்பட்ட விதிமுறைகள் ஏற்படவில்லை.

உந்தேரா கிராமத்தின் சாட்சி

அதைவிடத் தெளிவான சாட்சி, பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்ற கிராமத்தில் 1898-இல் கிடைத்தது. அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப்பேருக்கு மட்டும் ஊசி போடப்பட்டது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே எலித்தொல்லை. பிறகு பிளேக் தாக்கிய குடும்பங்களில், ஊசி போட்டவர்கள் 71 பேர். அவர்களில் நோய் கண்டவர்கள் 8, இறந்தவர்கள் 3. போடாதவர்கள் 64 பேர். அவர்களில் நோய் கண்டவர்கள் 27, இறந்தவர்கள் 26. இந்த எண்களுக்கு மேல் வாதம் வேண்டியதில்லை.

ஆகாகான் தாமே பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். அவருடைய கோஜா சமூகத்தார் ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆராய்ச்சி நடத்த அவர் தம் மாளிகை ஒன்றையும் கொடுத்து உதவினார். 1899 ஆகஸ்டில், பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகை பிளேக் ஆராய்ச்சிசாலையாக மாறியது. அங்கிருந்து குப்பிகள் நாடெங்கும் சென்றன. ஹாப்கினின் புகழ் உச்சியில் இருந்தது. அப்போதுதான் இடி விழுந்தது.

முல்கோவால் விபரீதம்

பஞ்சாபில் முல்கோவால் என்பது ஒரு சிற்றூர். 1902 அக்டோபர் 30-ந் தேதி அங்கே 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரத்தில் அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்தது. டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி அது. 19 பேரும் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் மருந்து ஒரே குப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. மற்றக் குப்பிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கும் ஒன்றும் நேரவில்லை.

குப்பிக்குள் ஜன்னிக் கிருமி எங்கே புகுந்தது? பம்பாயிலா, முல்கோவாலிலா? இதுதான் கேள்வி. விசாரணைக் குழு, பம்பாயிலேயே புகுந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது. வேகமாக அதிக மருந்து தயாரிப்பதற்காக ஹாப்கின் கார்பாலிக் திராவகத்தை விட்டுவிட்டு, சூட்டை மட்டும் நம்பினார் என்பது குற்றச்சாட்டு. அவர் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். மனம் நொந்து ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

ஆனால் விசாரணைக் காகிதங்களிலேயே ஓர் உண்மை கிடந்தது. அன்று அந்தக் குப்பியைத் திறக்கும்போது, உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை நெருப்பில் காட்டாமல், மருந்து நீரில் அலசிவிட்டு மறுபடி உபயோகித்தார்கள். ஜன்னிக் கிருமி வாழுமிடமே மண்தான். மேலும், அந்தக் கிருமி குப்பியில் பல நாள் வளர்ந்திருந்தால், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். அப்படி எந்த நாற்றமும் வீசவில்லை. லண்டன் லிஸ்டர் நிலையத்தின் நிபுணர்கள் இவற்றை ஆராய்ந்து, குற்றம் முல்கோவாலில்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார்கள். இருந்தும் சர்க்கார் எளிதில் அசையவில்லை. வருஷங்கள் ஓடின.

நீதி கிடைத்தது, தாமதமாக

கொசுவால் மலேரியா பரவுவதைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், ஹாப்கினுக்காக வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். 1907 ஜூலையில், லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் 10 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வெளியாயிற்று. பழி பொய்யென்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இதனால் வேறொரு ஆபத்தும் உண்டென்று ராஸ் எச்சரித்தார். ஆராய்ச்சிசாலை மருந்தில் விஷம் இருந்தது என்று ஜனங்கள் நம்பிவிட்டால், பிளேக் ஊசியையே நாடமாட்டார்கள். ஒரு மனிதரின் மானத்தோடு பல லட்சம் பேரின் உயிரும் அதில் கட்டுண்டிருந்தது.

அந்த வருஷமே ஹாப்கின் மீதிருந்த பழி நீங்கியது. அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆனால் பரேல் ஆராய்ச்சிசாலையில் அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். கல்கத்தாவில் சிறிய பதவி ஒன்று கொடுக்கப்பட்டது. முன்போல் ஊர் ஊராய்ச் சென்று ஜனங்களுக்கு ஊசி போடும் வேலை அவருக்கு மறுக்கப்பட்டது. அறைக்குள்ளேயே ஆராய்ச்சி செய்துவிட்டு, 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைத் தம் மத நெறிகளிலும் யூத மாணவர்களின் கல்விக்கு உதவுவதிலும் கழித்தார். 1930 அக்டோபர் 26-ந் தேதி, சுவிட்ஸர்லாந்தின் லோஸான் நகரில் காலமானார்.

நிலைத்து நிற்பது

1925-இல் பரேல் ஆராய்ச்சிசாலைக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்த ஆண்டு வரை அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் அளவு பிளேக் மருந்து வெளியே சென்றிருந்தது. 1964-இல் இந்திய சர்க்கார் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

ஹாப்கினின் மருந்துகள் இன்று உபயோகத்தில் இல்லை. அவை முழுக் காப்பு அளித்தவையும் அல்ல. ஊசி போட்டவர்களிலும் சிலருக்கு நோய் வந்தது. பிளேக்கை எலிப்பூச்சி பரப்புகிறது என்பது பிறகு உறுதியாயிற்று. அதைக் குணப்படுத்தும் மருந்துகளும் வந்துவிட்டன. வாந்திபேதிக்கு வாய்வழி கொடுக்கும் தடுப்பு மருந்து உண்டு. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே அநேக உயிர்களை மீட்கிறது.

ஆயினும் அவர் காட்டிய வழி மறையவில்லை. நோயுள்ள இடத்துக்கே நடந்து போவது, ஒரே வீட்டில் போட்டவரையும் போடாதவரையும் எண்ணிப் பார்ப்பது, பலாத்காரத்தை விட்டு நம்பிக்கையைத் தேடுவது, பிறருக்குக் கொடுக்கும் மருந்தை முதலில் தாம் ஏற்பது ஆகியவையே அந்த வழி. முல்கோவாலில் தரையில் விழுந்த ஓர் இடுக்கியும் ஒரு பாடம் விட்டுச் சென்றிருக்கிறது. எவ்வளவு பெரிய மருந்தும், கடைசியில் அதைக் குத்தும் கையின் சுத்தத்தையே நம்பியிருக்கிறது. ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஊசி போடுமுன் கை கழுவும் ஊழியர், அந்தப் 19 பேரின் சாவு வீண் போகாமல் காப்பவர் ஆவார்.