பண்டித ரமாபாய்: வேதத்தைத் தன் கண்ணால் வாசித்த பெண்



வில்லியே லே பெல்லில் உள்ள நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வேதாகமங்கள் இருக்கும். அம்மம்மாவின் தலைமாட்டில் பழைய தமிழ் வேதாகமம், பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் லூயி செகோனின் பிரெஞ்சு வேதாகமம். ஒரே வசனம் இரண்டிலும் சற்று வித்தியாசமாக இருந்தால் எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாஸ்டரிடம் கேள் என்பதுதான் அநேகமாகக் கிடைக்கும் பதில். பாஸ்டரிடம் கேட்பது நல்லதுதான். ஆனால் அதோடு நிற்காமல், தானே தேடிப் பார்க்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட ஒரு பெண் இருந்தார். இந்த மலரில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23ஆம் திகதி, இன்றைய கர்நாடகாவின் மலைக்காட்டில் கங்காமூலா என்ற இடத்தில் பிறந்தார். தகப்பன் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்று இருந்த காலத்தில் தன் மனைவி லக்ஷ்மிபாய்க்கு அதைக் கற்பித்தார். எதிர்ப்பு கிளம்பியது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தாய், வீட்டு வேலை தொடங்குமுன் விடியற்காலையில் மகளை எழுப்பிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதுக்குள் ஆயிரக்கணக்கான சுலோகங்கள் ரமாபாய்க்கு மனப்பாடம்.

குடும்பம் கோயில் கோயிலாக யாத்திரை போய், புராணம் வாசித்து, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்தது. 1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்தது. தகப்பன், தாய், அக்கா மூவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். ரமாபாயும் அண்ணன் ஸ்ரீநிவாசனும் வட இந்தியா முழுவதும் கால்நடையாக அலைந்து, 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்குள்ள பண்டிதர்கள் இந்த இருபது வயதுப் பெண்ணின் அறிவைக் கண்டு வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள்.

இத்தனை படித்தவர் வேதங்களை மட்டும் தொட்டதில்லை. பெண்கள் அவற்றை வாசிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவரும் அப்படியே நம்பியிருந்தார். கேசவ சந்திர சென் என்பவர்தான் ஒரு பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தயங்கித் தயங்கி வாசித்தார். அவருடைய பிந்திய வாழ்க்கை முழுவதும் அன்று தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளே, இப்படிப்பட்ட தடை இந்தியாவில் மட்டும் இருந்ததாக எண்ணவேண்டாம். நமக்குப் பக்கத்து ஊரான எக்குவானில், நீங்கள் பாடசாலையோடு போய்ப் பார்க்கும் அதே மாளிகையில்தான், 1559 யூன் மாதம் இரண்டாம் ஹென்றி அரசன் சீர்திருத்த சபையாரை ஒடுக்கும் கட்டளையைப் பிறப்பித்தான். வேதத்தைத் தங்கள் சொந்த மொழியில் வாசித்தும் சங்கீதங்களைப் பாடியும் வந்தவர்கள் அவர்கள்.

1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை, சாதி வேறுபாட்டைப் பாராமல், ரமாபாய் மணந்தார். அசாமில் சில்சார் என்ற ஊரில் கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று கிடைத்தது. அதை விருப்பத்தோடு வாசித்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. 1882 பெப்ரவரியில் வாந்திபேதி கணவரைக் கொண்டுபோயிற்று. கையில் மனோரமா என்ற பச்சைக் குழந்தை. ரமாபாய்க்கு வயது 23.

டாக்டராகிப் பெண்களுக்கு உதவ வேண்டும் என்று 1883இல் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் அந்த வழி அடைபட்டது. தாதியாக வேலை செய்பவள் என்பதால், அவர் வரலாற்றில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் அவருக்கு இடம் கொடுத்தது. லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில், வழிதவறிய பெண்கள் என்று சமுதாயம் ஒதுக்கியவர்களை அந்தச் சகோதரிகள் அன்போடு பராமரிப்பதைக் கண்டார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய யோவான் 4ஆம் அதிகாரத்தை ஒரு சகோதரி வாசித்து விளக்கினார். அந்த ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பல வரலாறுகள் இந்த இடத்தில் மகிழ்ச்சியாக முடிந்துவிடும். ரமாபாய்க்குச் சண்டை இங்கேதான் தொடங்கியது. சபை சொல்வதை அப்படியே ஏற்க வேண்டும் என்று சகோதரி ஜெரல்டின் எதிர்பார்த்தார். ரமாபாய் கேள்வி கேட்டார். அத்தனாசியு விசுவாசப்பிரமாணம் வேதத்தில் எங்கே இருக்கிறது? திரித்துவத்தை எந்த வசனத்தைக் கொண்டு ஏற்கச் சொல்கிறீர்கள்? சகோதரிகள் அணிந்த சிலுவையில் ஏன் லத்தீன் எழுத்து, இந்தியருக்கு விளங்கும் சமஸ்கிருதம் ஏன் ஆகாது? ஒரு குருகுலத்தின் நுகத்தைக் கழற்றிவிட்டு வந்தவள், வேதம் கட்டளையிடாத இன்னொரு நுகத்தைச் சுமக்க மாட்டேன் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். அப்போது அவரும் குழந்தையும் இருந்தது அந்நிய நாட்டில். போவதற்கு வேறு வீடு கிடையாது. மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: செல்ட்டனம் பெண்கள் கல்லூரித் தலைவி டொரத்தியா பீல் அம்மையார் கோபிக்காமல் நீண்ட கடிதங்களில் பதில் எழுதினார். ரமாபாயும் பிடிவாதத்துக்காக வாதாடவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டவில்லை. இந்தியா திரும்பிச் சில வருடங்களுக்குப் பின்னரே கிறிஸ்துவைத் தன் சொந்த இரட்சகராக உறுதியாகக் கண்டுகொண்டார்.

தானே வாசிப்பது என்றால் மனம்போனபடி வாசிப்பது அல்ல. வைத்தியசாலையில் ஒரு மருந்துத் துண்டை எடுத்தால் மருந்தின் பெயர் மட்டும் எங்களுக்குப் போதாது. யாருக்கு, எந்தத் திகதி, எவ்வளவு, எத்தனை தரம் என்று பார்ப்போம். பக்கத்துக் கட்டில்காரருக்கு எழுதியதை இவருக்குக் கொடுத்தால் நல்ல மருந்தே நஞ்சாகும். நம் வீட்டுக் கலண்டர்களில் அடிக்கடி வரும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது. முந்திய வசனம் எழுபது வருடம் காத்திருக்கச் சொல்கிறது. அதே கடிதம், போன ஊரில் வீடு கட்டித் தோட்டம் போட்டு அந்த ஊருக்காக ஜெபிக்கவும் சொல்கிறது. ஊரை விட்டு வந்த நமக்கு அந்த முழுக் கடிதமும், கலண்டர் வசனத்தைவிடக் கனமாக இல்லையா?

ரமாபாய் 1889இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் பூனாவுக்கு அருகே கேட்காவ் கிராமத்தில் முக்தி எழுந்தது. 1896-97 பஞ்சத்திலும் 1900ஐ ஒட்டிய பஞ்சத்திலும் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு வந்தார். முக்தியில் இருந்தவர்கள் இரண்டாயிரத்தை நெருங்கினார்கள். பெற்றோரைப் பஞ்சத்துக்குக் கொடுத்த மகள் அவர், பசி என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அந்தப் பெண்களோடு வேதம் வாசித்தபோது புதிய பிரச்சினை வந்தது. அன்றைய மராத்தி வேதாகமத்தில் கடினமான சமஸ்கிருதச் சொற்கள் நிறைய இருந்தன. பண்டிதையான அவருக்கு அவை தண்ணீர்பட்ட பாடு. அடுப்படியிலும் வயலிலும் வளர்ந்த பெண்களுக்கு விளங்கவில்லை. சில சொற்கள் வேறு சமயக் கருத்துகளையும் கூடவே இழுத்து வந்தன. மூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படித் திருத்துவது? நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எபிரேயமும் கிரேக்கமும் படிக்கத் தொடங்கினார். முப்பது வயதில் பிரெஞ்சு மொழியில் உடற்கூற்றியல் படித்தவள் நான். அந்தக் கஷ்டம் ஓரளவு தெரியும். ஆனால் அவர் படித்தது காது கேளாத நிலையில், இரண்டாயிரம் பேருக்குச் சோறும் துணியும் பார்த்துக்கொண்டு. விடியுமுன் எழுந்து மொழிபெயர்ப்பார். சாதாரணப் பெண்ணுக்கு விளங்கும் எளிய மராத்தியையே தேடினார். ஆனால் எளிமைக்காக மூலத்தை வளைக்கவும் அவருக்கு மனமில்லை. முக்தியிலேயே அச்சகம் இருந்தது. எழுத்துக் கோர்ப்பது, அச்சடிப்பது, கட்டுவது எல்லாம் அங்கிருந்த பெண்கள்தான்.

1921 யூலையில் மகள் மனோரமா இறந்தார். தாய்க்குப் பின் முக்தியை நடத்துவார் என்று எல்லோரும் நம்பியிருந்த மகள். ரமாபாய் மேசையை விட்டு எழும்பவில்லை. கடைசி அச்சுப்படிகளைத் திருத்தி முடிக்க இன்னும் பத்து நாள் தரும்படி ஆண்டவரிடம் கேட்டார் என்றும், வேலை முடிந்தபின்பே கண்ணை மூடினார் என்றும் சொல்வார்கள். 1922 ஏப்ரல் 5ஆம் திகதி அவர் மரித்தார்.

முழு வேதாகமம் 1924இல் வெளிவந்தது. பெரும்பாலான மராத்தி சபைகள் வேதாகமச் சங்கத்தின் மொழிபெயர்ப்பையே தொடர்ந்து வாசித்து வருகின்றன. ரமாபாயின் மொழிபெயர்ப்பு பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அதற்கு எழுத்துக் கோர்த்த பெண்களில் பலர், முக்தியின் வாசலுக்கு வந்தபோது எழுத்து வாசனையே அறியாதவர்கள்.