வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்த இயேசு சபைத் துறவியும் தமிழ்ப் புலவரும் ஆவார். இவரது இயற்பெயர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. தேம்பாவணி என்னும் காப்பியத்தின் ஆசிரியராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் ஒன்றுபோல் தோன்றும் சொற்களையும் எழுத்துக்களையும் பிரித்தறிய இவர் செய்த பணி, தமிழ் படிக்கும் எவருக்கும் இன்றும் பயன்படுகிறது.

வாழ்க்கை

மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த இவர், 1698 இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710 இல் கோவாவை அடைந்து, பின் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். முதலில் தைரியநாதர் எனப் பெயர் கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் வழங்கிய பெயர்.

இவர் நெடுங்காலம் தங்கிய ஏலாக்குறிச்சி, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. அக்காலத்தில் அப்பகுதி அரியலூர் மழவராயர்களின் பாளையத்தைச் சேர்ந்தது. பின்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1995 முதல் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்து, 2007 இல் அரியலூர் மாவட்டத்தில் நிலைபெற்றது. இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குள்ள அடைக்கல மாதாவைப் போற்றித் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். மழவராயரின் நோயை இவர் தீர்த்ததாக அப்பகுதியில் ஒரு வழக்கு உண்டு.

சதுரகராதி

அக்காலத்தில் சொற்பொருள் அறிய நிகண்டுகளே துணை. அவை செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்தவருக்கே எளிதில் பயன்படுபவை. வயது வந்தபின் தமிழ் கற்கத் தொடங்கிய அயல்நாட்டவருக்கு இது பெருந்தடை. 1732 இல் இவர் இயற்றிய சதுரகராதி அத்தடையை நீக்க முயன்றது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதியும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதியும், தொகைப் பெயர்களின் விரிவைத் தொகையகராதியும், எதுகைச் சொற்களைத் தொடையகராதியும் தருகின்றன.

இதனை முதல் தமிழ் அகராதி என்பது வழக்கம். இது முற்றிலும் சரியன்று. இரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594 இலேயே சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. ஆனால் செய்யுளைக் கைவிட்டு, தேடுபவரின் வசதியை முன்னிறுத்தியதே சதுரகராதியின் புதுமை.

இதில் ஒரு குறையும் உண்டு. பொருளகராதி ஒருபொருட் சொற்களை அருகருகே நிறுத்துகிறதேயன்றி, அவற்றின் நுண்ணிய வேறுபாட்டை விளக்குவதில்லை. மிகுதியைக் குறிக்கும் நனி, சால, உறு ஆகியவற்றுள் எது எவ்விடத்தில் பொருந்தும் என்பதைப் படிப்பவரே இலக்கியத்திலிருந்து உணர வேண்டும். இந்நூல் ஏட்டுவடிவிலேயே இருந்து, 1824 இல்தான் சென்னையில் முழுமையாக அச்சேறியது.

எழுத்துத் திருத்தம்

முற்காலத்தில் எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெற்றும், நெடில்கள் புள்ளியின்றியும் எழுதப்பட்டன. ஓலை கிழியும் என அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். அதனால் தென், தேன் இரண்டும் ஒரே வடிவம் கொண்டன. கொடிய (தீய) என்பதும் கோடிய (வளைந்த) என்பதும் அவ்வாறே. அடைமொழி ஒன்றில் மயங்கினால் தொடரின் பொருளே மாறிவிடும். வீரமாமுனிவர் குறிலைப் புள்ளியின்றி விட்டு, நெடிலுக்குத் தனி அடையாளம் தந்தார். இன்றைய இரட்டைக் கொம்பு (ே) இவ்வழி வந்தது.

இலக்கண நூல்கள்

தொன்னூல் விளக்கத்தைத் தமிழில் இயற்றிய இவர், செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் வேண்டும் என்று கருதியது அக்காலத்தில் அரிது. சமயக் கொள்கையில் இவர் கடுமையாக மறுத்தெழுதிய லூத்தரன் சபையினரின் தரங்கம்பாடி அச்சகமே அக்கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738 இல் அச்சிட்டது வியப்புக்குரியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் இவரே. பரமார்த்த குருவின் கதை இவரது உரைநடைக்குச் சான்று.

மறைவு

இவர் 1742 இல் மணப்பாட்டில் இறந்தார் எனப் பழைய நூல்கள் சில கூறும். 1747 இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் மறைந்தார் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679 இல் அச்சானதும் அவ்வூரில்தான். சென்னை மெரீனா கடற்கரையில் 1968 இல் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.