கப்பல் போன பிறகு

மலர்க்குழு நண்பர் யாராவது ஒரு பெரிய மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாப்பா என்றதும், யோசிக்காமல் வ.உ.சி. என்று சொல்லிவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கப்பல் ஓட்டிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடியது. 1908-ல் கைது, இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். பள்ளிக்கூடப் பாடம் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

எனக்கு வேண்டிய பாடம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு வயது 40. கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். வக்கீல் சன்னதும் பறிபோய்விட்டது. மனைவி மக்களோடு சென்னையில் குடியேறி, சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். வறுமை விடவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், டிசைன் பண்ணின லோடு வேற, வந்து விழுந்த லோடு வேற!

மனுஷன் இடிந்து உட்காரவில்லை. சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கியிருந்தார். 1914-ல் ‘மெய்யறம்’ அச்சேறியது. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பிறகு தொல்காப்பியம் இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். கப்பல் முதலாளி, தமிழ்ப் பதிப்பாசிரியர் ஆனார்.

இன்னொன்று. பறிபோன சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியால் அத்தனையும் இழந்தவர் மனதில் கசப்பு மட்டும் தங்கவில்லை. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார். 1936 நவம்பர் 18-ல் காலமானார். சிறைக்குப் பின் வாழ்ந்தது ஏறக்குறைய 24 வருஷம். கப்பல் கம்பெனி நடத்தியதோ சில வருஷம்தான்.

இப்போது காரணம். ஒன்பது வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். போன தடவை நம் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது பீரோவில் ஒளித்து வைத்தேன். எங்கேடா இருக்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அந்த நாட்களில்தான் வ.உ.சி.யின் பிற்கால வாழ்க்கையைப் படித்தேன். என் கஷ்டம் அவர் கஷ்டத்தில் கால் தூசு. ஆனாலும் எழுந்து உட்கார அது போதுமானதாக இருந்தது.

இப்போது ஒரு சின்னப் பட்டறையில் பம்புசெட் பழுது பார்க்கிறேன். சாயங்காலம் டிப்ளமா பையன்களுக்கு டிராயிங் சொல்லித் தருகிறேன். அது எனக்குப் பிடிக்கும் என்று முன்பு எனக்கே தெரியாது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் ஒருநாள் கப்பல் போகலாம். அன்றைக்கு இந்தப் பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் கூட்டத்துக்கு நான் வருகிறேன். எங்கேடா இருக்கே என்று தாராளமாகக் கேட்கலாம்.