பணப்பெட்டியின் திறப்பு யாரிடம்? ரைஃபைசன் விட்டுச்சென்ற பாடம்

வன்னியின் மீள்குடியேற்றக் கிராமங்கள் பலவற்றில் கிழமையில் ஒரு நாள் லோன் நாள். மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தருக்காகப் பெண்கள் யாராவது ஒருவரின் வீட்டு முற்றத்தில் கூடியிருப்பார்கள். குழுவில் ஒருவர் காசு கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து அதைக் கட்டவேண்டும். மழை பெய்யாவிட்டாலும், கடலுக்குப் போகமுடியாவிட்டாலும், வீட்டில் செத்தவீடு நடந்தாலும் தவணை தவணைதான். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்றுக் கட்டமுடியாமல் போன 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்கவேண்டிய நிலை வந்தது. வறுமையை ஒழிக்க வந்த கடன் இன்னொரு வறுமையாக மாறியதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

கடனால் ஒரு கிராமம் நிமிர முடியுமா என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவர் ஜேர்மனியில் இருந்தார். பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். கூட்டுறவுக் கடன் சங்கங்களின் தந்தை என்று உலகம் அவரை அறியும். அவர் ஏற்படுத்திய முறை எங்கள் ஊர்களுக்கும் வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

1818 மார்ச் 30ஆம் திகதி, ரைன் நதிக்குக் கிழக்கே உள்ள வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் ஹம் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாமவர். உயர்கல்விக்கு வீட்டில் வசதியில்லை. ஊர்ப் பாதிரியாரே அவருக்கு ஆசிரியரானார். 17 வயதில் பிரஷ்ய இராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்ணில் ஏற்பட்ட நோயால் 1843இல் அந்த வேலையை விடவேண்டி வந்தது. அந்த நோய் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1845இல் வையர்புஷ் என்ற ஊரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் நிர்வகிக்கும் மேயராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம். அரசாங்கம் மா அனுப்பியது. ஆனால் கைக்காசு கொடுப்பவர்களுக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பசித்தவர்களிடம் காசு இருந்தால் அவர்கள் ஏன் பசித்திருக்கப் போகிறார்கள்? ரைஃபைசன் நிபந்தனையை மீறி மாவைக் கடனுக்குக் கொடுத்தார். வசதியுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்துத் தானியம் வாங்கினார். ஊருக்கென்று ஒரு வெதுப்பகம் கட்டி, சந்தை விலையை விட வெகு குறைவாகப் பாண் கொடுத்தார். விளைபொருள் வெளியே போகவேண்டும் என்பதற்காக ரைன் நதியை நோக்கி வீதி அமைக்கும் வேலையையும் தொடக்கினார்.

பஞ்சம் போனது, கடன் போகவில்லை. அந்த மலைக் கிராமங்களில் ஒரு விவசாயிக்கு மாடு இல்லாவிட்டால் உழவும் இல்லை, பாலும் இல்லை, எருவும் இல்லை. மாட்டைக் கடனுக்குக் கொடுத்த வியாபாரிகள் அதன் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். தீனி போட்டு வளர்ப்பவர் விவசாயி. தவணை பிந்தினால் மாடு போய்விடும். லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியை வீதியில் வைத்துப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

1848இல் பிளமர்ஸ்பெல்ட் பகுதிக்கு மாற்றப்பட்ட ரைஃபைசன், அடுத்த ஆண்டு அங்கே ஓர் உதவிச் சங்கத்தை உருவாக்கினார். சுமார் 60 வசதியானவர்கள் தங்கள் சொத்துகளைப் பிணையாக வைத்துப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் மாடு வாங்கி, பல ஆண்டுத் தவணையில் ஏழை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 1852இல் நொய்வீட் நகருக்கு அருகிலுள்ள ஹெட்டஸ்டோர்ஃப் பகுதிக்கு மாறியபின், 1854இல் அங்கே ஒரு நலன்புரிச் சங்கம் தொடங்கினார். கைவிடப்பட்ட சிறுவர்களின் பராமரிப்பு, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை என்று அதன் திட்டங்கள் விரிந்திருந்தன.

இந்தச் சங்கங்கள் நீடிக்கவில்லை. காரணம் எளிமையானது. கொடுப்பவர்கள் ஒரு பக்கம், வாங்குபவர்கள் மறுபக்கம். பயன் பெறாதவர்கள் பிணையை மட்டும் சுமந்துகொண்டிருந்தார்கள். காலப்போக்கில் ஒவ்வொருவராக விலகினார்கள். நல்ல மனம் உள்ளவர்களின் தயவில் நிற்கும் உதவி, அந்த மனம் களைக்கும்போது விழுந்துவிடும். கிறிஸ்தவ நம்பிக்கையும் ஈகையுமே போதும் என்று நம்பியிருந்த ரைஃபைசனுக்கு இது கசப்பான பாடம். அதை ஏற்றுக்கொள்ள அவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

1864இல் ஹெட்டஸ்டோர்ஃபில் அவர் அமைத்த கடன் சங்கம் அடிப்படையில் வேறானது. கடன் வேண்டுபவர் முதலில் சங்கத்தின் உறுப்பினராக வேண்டும். அயலவர் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும் அளவுக்குச் சங்கத்தின் எல்லை சிறியது. எல்லோரும் எல்லோருக்கும் வரையறையற்ற பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்காளருக்கு மட்டும் கொடுப்பனவு. கடன் எதற்கு என்று கேட்டு, உழைப்புக்குப் பயன்படும் தேவைக்கே கொடுத்தார்கள். மீளச்செலுத்தும் காலம் விளைச்சலைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. இலாபம் யாருக்கும் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. ஊரின் பொதுச் சேமநிதியாக அது வளர்ந்தது.

அதே காலத்தில் நகரக் கைவினைஞர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் கடன் சங்கங்கள் அமைத்த ஹேர்மன் சுல்ஸ டெலிட்ஷ் இவரோடு கடுமையாக முரண்பட்டார். பங்குப் பணமும் குறுகிய காலக் கடனும் வேண்டும் என்பது அவருடைய வாதம். விதைத்தவனிடம் மூன்று மாதத்தில் திருப்பிக் கேட்கமுடியாது என்பது ரைஃபைசனின் நிலைப்பாடு. இன்றைய கிழமைத் தவணைக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

அவருடைய சொந்த வாழ்க்கை இலகுவாக இருக்கவில்லை. 1863இல் மனைவி எமிலி இறந்தார். பார்வை மங்கி, உடல்நலம் கெட்டு, 1865இல் 47 வயதிலேயே பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். குறைந்த ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தமுடியாமல் வைன் வியாபாரமும் செய்தார். 1866இல் வெளிவந்த கடன் சங்கங்கள் பற்றிய நூலை அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் மூத்த மகள் அமாலி. தந்தையின் கண்ணாகவும் கையாகவும் கடைசிவரை உழைத்த அமாலி திருமணம் செய்யவில்லை. இயக்கத்தின் பெருமை தந்தையின் பெயரில் நிற்கிறது; மகளின் உழைப்பைச் சிலரே நினைவுகூர்கிறார்கள்.

இன்னொரு நிழலையும் மறைக்கக்கூடாது. அவருடைய எழுத்துகளில் யூத வணிகர்கள் மீதான வெறுப்பு உண்டு. கொடும் வட்டி என்ற முறையின் குற்றத்தை ஓர் இனத்தின் மீது சுமத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது எங்களுக்குத் தெரியும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது சங்கத்தின் அமைப்பை. அந்த வெறுப்பை அல்ல.

1888 மார்ச் 11ஆம் திகதி, 70 வயதை எட்டச் சில நாட்கள் இருக்கையில் அவர் இறந்தார். அப்போது 400க்கும் மேற்பட்ட சங்கங்கள் அவருடைய வழியில் இயங்கின. ஐரோப்பியக் கிராமக் கடன் முறைகளை ஆராய மதராஸ் அரசாங்கம் நியமித்த பிரெட்ரிக் நிக்கல்சன், 1890களில் அளித்த அறிக்கையில் இந்த முறையையே பரிந்துரைத்தார். 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் ஐக்கிய நாணய சங்கங்கள் வேர்விட்டது அப்படித்தான். பின்னர் சங்கக்கடை வந்தது. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே எழுந்தது. போர் பல சங்கங்களின் கட்டடங்களையும் கணக்கேடுகளையும் அழித்தது. எஞ்சியவற்றில் சில கட்சி அரசியலாலும் கவனமின்மையாலும் படுத்துவிட்டன. அந்த வெற்றிடத்தில்தான் நுண்நிதி நிறுவனங்கள் இலகுவாக நுழைந்தன.

லோன் நாளில் முற்றத்தில் கூடும் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். ஹெட்டஸ்டோர்ஃப் விவசாயிகளும் அதையே செய்தார்கள். ஆனால் அவர்கள் கட்டிய வட்டி அவர்களுடைய பெட்டிக்கே திரும்பியது. வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்பதையும் அவர்களே கூடித் தீர்மானித்தார்கள். எங்கள் முற்றத்தில் பிணை மட்டும் ஊருக்கு, பெட்டி வேறெங்கோ.

எத்தனையோ ஊர்களில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. அதன் அடுத்த பொதுக்கூட்டம் எப்போது, கணக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்க உறுப்பினர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இன்னொரு லோன் எடுப்பதற்கு முன் அந்தக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.